தமிழ் நூல்கள் படிக்க மின்னூல் கருவி: ஏழு அங்குலமா, பத்து அங்குலமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைப்பேசியில் நெடுநேரம் படித்தால் கண் கூசுகிறது. அச்சுப் புத்தகங்களிலோ, குறிப்பாகப் பழைய பதிப்புகளின் அடிக்குறிப்புகளிலோ, எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால் பூதக்கண்ணாடி இல்லாமல் முடிவதில்லை. ஆகவே கம்பியில்லா இணைப்புள்ள மின்னூல் வாசிப்புக் கருவி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன்.

நான் படிப்பவை இரண்டு வகை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழைய உரைப் பதிப்புகள் ஒன்று. அவை பக்கம் பக்கமாக ஒளிவருடிய பிடிஎஃப் கோப்புகள். இன்றைய நாவல்களும் சிறுகதைகளும் மற்றொன்று. அவற்றைக் கைப்பேசியிலுள்ள அமேசானின் கிண்டில் செயலியில் வாங்கிப் படித்து வருகிறேன். வீட்டில் அகலக்கற்றை இணைப்பு கிடையாது. கைப்பேசியின் இணையம் மட்டுமே உண்டு. மகன் பெங்களூருவில் இருக்கிறான். தேவையான நூல்களை அங்கிருந்தே அனுப்பி வைக்க முடியுமானால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

எந்த அளவுத் திரை பொருந்தும்? தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தெரியுமா? எழுத்தைப் பெரிதாக்கும்போது பாட்டின் அடிகள் கலைந்துவிடுமா? அகவற்பாவின் ஓர் அடி இரண்டாக முறிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க இயலாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 1: கல்லணை

அம்மா, வணக்கம். கருவியின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு நூல்களைத் தேடுவதுதான் பலருடைய வழக்கம். நீங்கள் படிப்பது இன்னது என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால், அதிலிருந்தே தொடங்கலாம்.

திரையைப் பற்றி முதலில். கிண்டில், கோபோ, பாக்கெட்புக், ஓனிக்ஸ் பூக்ஸ் ஆகிய கருவிகள் அனைத்திலும் இருப்பது இ-இங்க் எனப்படும் மின்மைத் திரையே. அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் பிறந்து, 1997-இல் தனி நிறுவனமாகத் தொடங்கிய தொழில்நுட்பம் அது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுறைகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் எதிரெதிர் மின்னேற்றத்துடன் தெளிந்த நீர்மத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது ஒரு நிறத் துகள்கள் மேலேறி மற்றவை கீழிறங்க, பக்கம் உருவாகிறது. உருவான பக்கம் மின்சாரம் இன்றி அப்படியே நிற்கும் என்பதால்தான் மின்கலம் பல நாள் தாங்குகிறது. விளக்கும் திரையின் பின்னிருந்து கண்ணை நோக்கி வீசுவதில்லை. ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் படர்கிறது. எல்லோருக்கும் கூச்சம் குறையும் என்று நான் உறுதி கூற மாட்டேன்; ஆயினும் வெயிலில் அமர்ந்து தாளைப் போலவே படிக்கலாம். ஒளியை மஞ்சள் சாயலுக்கு மாற்றும் வசதியுள்ள கருவியாகப் பாருங்கள். இரவில் படிக்கையில் அதன் அருமை தெரியும்.

இனி அளவு. தமிழில் பெரும்பாலான நூல்கள் கிரவுன் 1/8 அல்லது டெம்மி 1/8 அளவில் அச்சாகின்றன. டெம்மி 1/8 பக்கம் ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் பத்து அங்குலம் வரும். ஏழு அங்குலத் திரையின் உயரமோ ஏறத்தாழ 5.6 அங்குலம்தான். ஒளிவருடிய பக்கம் முழுவதையும் அதில் காட்டினால் எழுத்து மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். ஒளிவருடிய பக்கம் என்பது ஒரு படம். அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. பக்கத்தையே பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். மின்மைத் திரையில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கம் புதுப்பிக்கப்படுவதால் அது சலிப்பூட்டும் வேலை.

பழைய உரைப் பதிப்புகளே உங்கள் முதன்மை வாசிப்பு என்றால், பத்து அங்குலக் கருவிதான் என் பரிந்துரை. 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் 2022-இல் வந்தது. கோபோ எலிப்சாவும் பூக்ஸின் பெரிய கருவிகளும் 10.3 அங்குலம். பக்க ஓரங்களை வெட்டிவிட்டுப் பார்த்தால், அச்சில் உள்ளதைவிடச் சற்றுப் பெரியதாகவே எழுத்து தெரியும். எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 2022-இல் வந்த ஸ்கிரைப் 433 கிராம், 2021-இல் வந்த சிறிய கிண்டிலான பேப்பர்வொய்ட் 205 கிராம்தான். பெரிய கருவியைப் படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது. மேசையில் சாய்த்து வைத்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது.

வண்ணத் திரை வேண்டாம். இப்போது பரவலாக உள்ள கலைடோ 3 வகையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைத்தாலும், வண்ணத்துக்கு 150-தான். மேலே ஒரு வண்ண வடிகட்டி இருப்பதால் பின்புலம் மங்கலாகிறது. உங்களுக்கு வேண்டியது வெளுத்த தாளும் கறுத்த எழுத்தும்.

மறுமொழி 2: சுழியம்

கல்லணை அவர்கள் சொன்ன கணக்கு சரியானது. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. படமாக இருக்கும் நூலுக்காகப் பெரிய கருவியை வாங்குவதைவிட, அதே நூல் எழுத்தாகக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவதே மேல். கண் குறைவுள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. எழுத்தாக உள்ள நூலை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். வரி தானாகவே திரைக்குள் அடங்கி நிற்கும். பத்து அங்குலத் திரையிலும் படத்திலுள்ள அடிக்குறிப்பு அச்சில் இருந்ததைவிடப் பெரிதும் வளர்ந்துவிடாது.

சங்க நூல்களின் மூலமும் உரைகள் பலவும் மதுரைத் திட்டத்தில் உள்ளன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்த தொகுப்பு அது. முன்பு டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தவை பின்னர் ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றப்பட்டன. 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் வெளியான நூல்கள், வரிகள் திரைக்கேற்ப அடங்கும் இபப் என்ற மின்னூல் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தத் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாகப் பிடிஎஃப் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவிகள் தமிழைச் சரியாகக் காட்டாத காலத்தின் தேவை அது. ‘கொ’ என்ற எழுத்து கணினியில் ககர மெய்யடி முதலிலும் ஒகரக் குறி பின்னருமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பை முன்னே கொண்டு வந்து, காலைப் பின்னே நிறுத்த வேண்டும். இந்த அடுக்குமுறை அறியாத பழைய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டில் கடை விற்கத் தொடங்கியது. இன்றைய கிண்டில்களில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகவே தெரிகிறது. பிற நிறுவனக் கருவி எதையாவது வாங்குவதாக இருந்தால், ‘கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ’ ஆகியவை வரும் ஒரு பக்கத்தை அதில் திறந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பிடிஎஃப் கோப்பைத் திறக்கும்போது எழுத்து அழகாகத் தெரிகிறது. மாற்றினால் பொருளற்ற குறிகளாகிவிடுகிறது என்று பலர் குழம்புகிறார்கள். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சுக் கோத்த கோப்புகளில் அப்படித்தான் நேரும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துரு மட்டுமே அவற்றுக்குத் தமிழ் உருவம் தருகிறது. குறிமாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே அத்தகைய கோப்பு பயன்படும். ஒளிவருடிய படங்களுக்கு எழுத்துணரி மென்பொருள் உதவும். கூகுள் தரும் எழுத்துணரி தெளிந்த அச்சில் உள்ள தமிழை நன்றாகவே வாசிக்கிறது. ஆயினும் 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பதிப்புகளில் ‘ணா, றா, னா, ணை, லை’ ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இருப்பதால் பிழைகள் மிகும். மெய்ப்புப் பார்க்காமல் உரைநூலை அப்படிப் படிப்பது ஆபத்து. ஓர் எழுத்து மாறினால் பாடமே மாறிவிடும் என்பதை ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாவின் அடிகளைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்தக் கேள்வியிலேயே என் மனத்துக்கு நெருக்கமானது. பிடிஎஃப் கோப்பை இபப் ஆக்கும் மென்பொருள்கள், ஒவ்வொரு வரியின் முடிவையும் பத்தியின் நடுவே நேர்ந்த முறிவு என்று கருதி வரிகளை ஒட்டிவிடுகின்றன. நாவலுக்கு அது நன்மை. அகவலுக்கோ வெண்பாவுக்கோ அழிவு. நாற்சீரடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உரைநடைபோல் ஓடிவிடும். எனவே செய்யுள் நூல்களைப் பிடிஎஃப் வழியாக மாற்றவே மாற்றாதீர்கள். மதுரைத் திட்டத்தின் ஒருங்குறி வலைப்பக்கத்தை அப்படியே எடுத்து, காலிபர் என்ற இலவச மென்பொருளில் இபப் ஆக்கினால் அடிகள் காக்கப்படும். எழுத்தை மிகப் பெரிதாக வைத்தால் நான்காம் சீர் கீழிறங்கும் வாய்ப்பு அப்போதும் உண்டு. கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்தால் ஏழு அங்குலத் திரையிலேயே அகவலடி ஒன்று தாராளமாக அடங்கும். கழிநெடிலடி விருத்தங்களுக்கு மட்டும் இது போதாது. அவற்றை அச்சிலேயே மடக்கித்தானே போடுகிறார்கள்.

என் முடிவு: ஏழு அங்குலமே போதும்.

மறுமொழி 3: பனிப்பொழில்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் ரொறன்ரோவில் வசிப்பவன்; பல ஆண்டுகளாகக் கோபோ கருவியில் படிக்கிறேன். கோபோ இந்நகரில் 2009-இல் தொடங்கிய நிறுவனம்; பின்னர் ஜப்பானின் ராகுட்டன் அதனை வாங்கியது. பொது நூலகத்தின் மின்னூல்களைக் கருவியிலிருந்தே இரவல் பெறலாம் என்பதுதான் எங்களில் பலர் அதனைத் தேர்ந்தெடுக்கக் காரணம். கிண்டிலில் அந்த வசதி அமெரிக்காவில் மட்டும் உண்டு. தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு இந்தக் காரணம் பொருந்தாது. நீங்கள் ஏற்கெனவே கிண்டில் கடையில் நூல்கள் வாங்கியிருப்பதால், அவற்றை விட்டுவிட்டு வேறு கருவிக்கு மாறுவதும் எளிதன்று. அந்த நூல்கள் பூட்டுடன் வருவதால் கோபோவில் திறக்காது.

அந்தப் பூட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். கம்பியில்லா இணைப்பின் வழியே நூல் வருகிறது. அதே வழியில் திரும்பவும் போகலாம். 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்பனைக்கு வைத்தவை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அமேசான் தானாகவே நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள்; நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். வாங்கிய நூல்களின் கோப்பைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்தியும் விட்டார்கள். கடையில் வாங்குவதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்தாளருக்குப் பணம் போய்ச் சேரும் வழி அது. மதுரைத் திட்டம், ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலகத் திட்டம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் கோப்புகளை மட்டும் கருவிக்குள் அனுப்பிவிட்டு அத்துடன் மறந்துவிடாமல், தனி வட்டிலோ நினைவுக்குச்சியிலோ ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறு படி இல்லாத ஏடுகளும் நூல்களும் அதனுடன் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடும் நண்பர்கள் அந்த நினைவோடுதான் உழைக்கிறார்கள். அங்குள்ளவற்றில் பெரும்பகுதி படக்கோப்புகள். அவற்றைப் படிக்கும்போது நான் கல்லணை அவர்களின் பக்கம் சாய்கிறேன். ஈழத்து இதழ் ஒன்றின் இரண்டு பத்திப் பக்கத்தைச் சிறு திரையில் படிப்பது பெரும்பாடு.

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. வலைப்பக்கத்திலிருந்து எடுத்தால் அடிகள் காக்கப்படும் என்ற செய்தி என் ஐயத்தைப் பெரிதும் தீர்த்துவிட்டது. நான் அன்றாடம் திரும்பத் திரும்பப் படிப்பவை எட்டுத்தொகை மூலங்களும் நாவல்களுமே. பழைய உரைப் பதிப்புகளை ஐயம் வரும்போதுதான் புரட்டுகிறேன். அதற்கு மகனிடம் பழைய பெரிய திரைக் கணினி ஒன்று இருக்கிறது. எனவே ஏழு அங்குலக் கிண்டிலை நோக்கி மனம் செல்கிறது. இரண்டு செய்திகள் மட்டும் எஞ்சியுள்ளன: கைப்பேசி இணையத்தில் இது இயங்குமா? மகன் எப்படி அனுப்புவது? கூடவே, பொருள் தெரியாத சொல்லைத் தொட்டால் அகராதி விளக்கம் வரும் என்கிறார்களே, தமிழுக்கும் அது நடக்குமா?

மறுமொழி 4: சுழியம்

அம்மா, மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். சொல்லைத் தொட்டதும் கருவி அகராதியில் அதே வடிவத்தைத் தேடும். ஆங்கிலத்தில் சொற்கள் சிறிதளவே திரியும். தமிழிலோ ‘மலையினின்று’, ‘மலைக்கண்ணது’ என்று வேற்றுமை உருபும் சொல்லுருபும் ஏறி நிற்கும். பகுதியைப் பிரித்தெடுக்கத் தெரியாத கருவி ‘மலை’ என்ற சொல்லைக் கண்டுபிடிக்காது. சங்கப் பாடலுக்கு உங்கள் பயிற்சியே துணை.

கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கருவியின் வைஃபை பட்டியலில் உங்கள் கைப்பேசியைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் போதும். கருவிகள் சில, குறிப்பாகப் பழையவை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். உங்கள் கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தந்தால் அவற்றின் பட்டியலில் பெயரே தோன்றாது. அப்போது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். எழுத்தாக உள்ள நூல் மிகச் சிறிய கோப்பு என்பதால் இணையச் செலவு பொருட்படுத்தத் தக்கதன்று. நூல் வந்து சேர்ந்ததும் ஏரோபிளேன் மோடில் வைத்துவிடுங்கள்; மின்கலம் மேலும் பல நாள் தாங்கும். கைப்பேசிச் செயலியில் விட்ட பக்கத்திலிருந்து கருவியில் தொடர வேண்டும் என்றால் மட்டும் இணைப்பை அவ்வப்போது திறக்க வேண்டும். புதிய நாவல்களைக் கைப்பேசியிலேயே தேடி வாங்குங்கள்; மின்மைத் திரையில் தட்டச்சு செய்வது மெதுவானது, வாங்கிய நூல் அடுத்த இணைப்பில் தானாகவே கருவிக்கு வந்துவிடும்.

மகன் அனுப்புவதற்கு: ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தருகிறார்கள். உங்கள் அமேசான் கணக்கின் அமைப்புகளில், அனுப்ப ஒப்புதல் பெற்றவர் பட்டியலில் மகனின் முகவரியைச் சேர்த்துவிட்டால், பெங்களூருவிலிருந்து அவர் இபப் கோப்பை இணைத்து அனுப்பியதும் அது கருவிக்கு வந்து நிற்கும். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து எதுவும் வந்து சேராது என்பதால் தேவையற்ற கோப்புகளைப் பற்றிய அச்சம் இல்லை. 2022 முதல் இபப் வடிவத்தை இந்த வழியில் ஏற்கிறார்கள். பழைய மோபி வடிவத்தை இப்போது ஏற்பதில்லை, ஆகையால் பழைய தொகுப்புகளில் மோபி, இபப் இரண்டும் இருந்தால் இபப்பையே எடுக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் 50 எம்பி வரையிலான கோப்புகள் போகும். உலாவி வழியாக அனுப்பும் பக்கத்தில் 200 எம்பி வரை போகும். ஒளிவருடிய உரைப் பதிப்புகள் பல அதையும் தாண்டும். அவற்றை மகன் ஊருக்கு வரும்போது கம்பி வழியாக ஏற்றிக்கொள்ளலாம்.

அவரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பிடிஎஃப் கோப்பை அனுப்பும்போது மின்னஞ்சலின் பொருள் வரியில் ‘கன்வெர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை இட்டால், கிண்டில் அதனைத் தன் வடிவத்துக்கு மாற்ற முயலும். செய்யுள் நூல் என்றால் அடிகள் அங்கேதான் கலையும். பொருள் வரியை வெறுமையாக விட்டால் பிடிஎஃப் மாறாமல் வரும். எட்டுத்தொகை மூலங்களை இந்த வாரத்திலேயே நான் இபப் ஆக்கி, குறுந்தொகையில் சில பாடல்களை மிகப் பெரிய எழுத்தில் கிடைமட்டமாக வைத்துச் சோதித்துப் பார்க்கிறேன். அடி முறியும் இடம் இருந்தால், முறிந்த சீர் சற்று உள்ளே தள்ளி நிற்குமாறு அமைத்து, கோப்பை இந்த இழையிலேயே இணைக்கிறேன்.